பத்துச் சொடுக்கு

சாமி,

உனக்கு இப்போது இரண்டரை வயது. எனக்கு முப்பத்திரண்டு. இந்த வயதில் மகளுக்குக் கடிதம் எழுத உட்காருகிறவனைப் பார்த்தால் எனக்கே எரிச்சலாக இருக்கும். ஆனால் நீ வளர்ந்து, வேலைக்குப் போய், உனக்கு மேலே ஒருவர் கீழே ஒருவர் என்று ஆன பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், அதற்குள் நான் என்னை நல்லவனாகத் திருத்திக்கொண்டிருப்பேன். இருபது வருடத்தில் எல்லா அப்பாக்களும் அதைத்தான் செய்கிறார்கள். அதனால் இப்போதே எழுதி உன் அம்மாவிடம் கொடுக்கிறேன். நீ முதல் வேலையில் சேரும் அன்று உன் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். வருகிற வியாழக்கிழமை நான் சென்னைக்குப் போகிறேன். அங்கே என் விமான கம்பெனியின் விசாரணை அறையில் உட்கார்ந்து, போன மாதம் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குமூலம் பொய் என்று சொல்லப்போகிறேன். அதற்குப் பிறகு என்னை விமானம் ஓட்ட விடுவார்களா என்று கேட்டால், பெரும்பாலும் விடமாட்டார்கள்.

புத்திமதி பிறகு. என்ன நடந்தது என்பதை முதலில் தெரிந்துகொள். விமானத்தில் உயரம் காட்டும் கருவிக்குத் தரை எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதற்குத் தெரிந்தது காற்றின் அழுத்தம் மட்டும்தான். இறங்கப்போகும் ஊரில் அந்த நேரத்தில் காற்றழுத்தம் இவ்வளவு என்று ஓர் எண்ணைக் கீழிருந்து சொல்வார்கள். நாம் ஒரு குமிழைத் திருகி அந்த எண்ணை வைக்க வேண்டும். ஒரு சொடுக்குக்கு ஓர் எண். வைத்தால்தான் கருவி காட்டும் உயரம் மெய்யான உயரம். ஓர் எண் பிசகினால் ஏறக்குறைய இருபத்தெட்டு அடி பிசகும். பத்து எண் பிசகினால் இருநூற்றெண்பது அடி. நம் ஊர் திருச்செங்கோட்டில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். போர் போடும் ரிக் லாரி ஊரில் ஆயிரம் அடியைச் சாதாரணமாகப் பேசுகிறவர்கள். இருநூற்றெண்பது அடி என்றால் ஈரமண்கூட வராதே என்பார்கள். மழை மேகத்துக்குள் தரையைத் தேடிக்கொண்டு இறங்கும்போது அந்த இருநூற்றெண்பது அடிதான் உயிர்.

விமானி இரண்டு பேர். கருவியும் ஆளுக்கு ஒன்று. கேப்டன் தன் பக்கத்துக் கருவியில் எண்ணை வைப்பார், கோ-பைலட்டான நான் என் பக்கத்துக் கருவியில் வைப்பேன். பிறகு ஒருவர் தன் எண்ணை வாய்விட்டுச் சொல்ல, மற்றவர் தன் கருவியைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். இரண்டு எண்களும் வேறு வேறாக இருந்தால் விமானமே ஒரு மஞ்சள் விளக்கைப் போட்டு எச்சரிக்கும். இவ்வளவு காவல் இருந்தும் எங்கள் விமானம் தென்னை மரங்களை உரசப் போனது. எப்படிப் போனது என்பது அன்று உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். அதைத்தான் நான் மறைத்தேன்.

அன்று மத்தியானம் ஒரு கடற்கரை ஊருக்குப் போய்க்கொண்டிருந்தோம். புயல் சின்னம், விடாத மழை. ஓடுபாதையை நோக்கிச் சரிவாக வழிகாட்டும் ரேடியோக் கற்றை அந்த ஊரில் பழுதாகிக் கிடந்தது. அதனால் உயரத்துக்கு இந்தக் கருவியை மட்டுமே நம்பி இறங்க வேண்டியிருந்தது. ஓட்டியவர் கேப்டன் காதர். ரேடியோ என்னிடம். கீழிருந்து எண் வந்தது: ஆயிரத்தொன்று. நான் தெளிவாகக் கேட்டேன், காகிதத்தில் எழுதினேன், திருப்பிச் சொன்னேன், என் கருவியில் வைத்தேன். கேப்டனின் கவனம் மழை ராடாரில் இருந்தது. காலையில் நாங்கள் கிளம்பிய ஊரின் எண் ஆயிரத்துப் பதினொன்று. அவர் விரல் பழக்கத்தில் அதையே வைத்துவிட்டது. இது யாருக்கும் நடக்கும். இதைப் பிடிப்பதற்குத்தான் பக்கத்தில் இன்னொரு ஆள். அவர் உரக்கச் சொன்னார்: "ஆயிரத்துப் பதினொன்று." நான் என் கருவியைப் பார்த்தேன். ஆயிரத்தொன்று. மடியில் இருந்த காகிதத்திலும் ஆயிரத்தொன்று. "கேப்டன், என்னிடம் ஆயிரத்தொன்று இருக்கிறது" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. என் கை குமிழுக்குப் போனது. பத்துச் சொடுக்குத் திருகினேன். "ஆயிரத்துப் பதினொன்று, சரி பார்த்தாயிற்று" என்றேன்.

ஏன் என்று இந்த ஒரு மாதமாக என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பயமா? அவரைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை. சேலத்துக்காரர், என்னைத் தம்பி என்பதைத் தவிர வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நீ பிறக்கும் நாளில் எனக்கு லீவு கிடைக்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் அவரே பேசி என் டியூட்டியை மாற்றி, "போ தம்பி, பிள்ளை பொறக்கறத ரெண்டாவது தடவை பாக்க முடியாது" என்று அனுப்பிவைத்தார். அப்பேர்ப்பட்ட மனிதரிடம் உங்கள் எண் தப்பு என்று எப்படிச் சொல்வது? நம் பக்கத்துப் பழக்கம் உனக்குத் தெரிந்திருக்கும். பெரியவர் ஒன்றைத் தப்பாகச் சொன்னால் சபையில் மறுக்கமாட்டோம். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு, பின்னால் சத்தமில்லாமல் சரிசெய்துகொள்வோம். கல்யாண வீட்டில் அது பண்பு. ஆனால் நிமிடத்துக்கு எழுநூறு அடி இறங்குகிற இடத்தில் பின்னால் என்று ஒரு நேரம் கிடையாது. இரண்டு கருவியும் ஒரே பொய்யைச் சொன்னதால் மஞ்சள் விளக்கும் எரியவில்லை. அந்த விளக்கை அணைத்தது நான்தான்.

கருவி அறுநூற்றிருபது அடி என்று காட்டியபோது நாங்கள் மேகத்தை விட்டு வெளியே வந்தோம். உண்மையில் முந்நூற்று நாற்பது அடி. ஓடுபாதை இன்னும் தூரத்தில் இருக்க, எங்களுக்குக் கீழே தென்னந்தோப்பு. மட்டைகள் காற்றில் புரளுவது தெரிந்தது. ஓடுபாதை ஓரத்து விளக்குகள் நான்கும் சிவப்பு. ரொம்பத் தாழ்ந்துவிட்டாய் என்று பொருள். அதே நொடியில் விமானத்தின் எச்சரிக்கைக் குரல் தரை, தரை என்று கத்தியது. கேப்டன் ஒரு கணமும் யோசிக்கவில்லை. முழு சக்தியையும் கொடுத்து மேலே ஏற்றிவிட்டார். பிறகு கீழே மறுபடி எண்ணைக் கேட்டு வாங்கி, இருவரும் ஆயிரத்தொன்றை வைத்தோம். இரண்டாம் முறை ஒழுங்காக இறங்கினோம். கதவருகே நின்று வழியனுப்பும்போது குமாரபாளையத்துத் துணி வியாபாரி ஒருவர் என்னை நம்ம பக்கத்து ஆள் என்று கண்டுபிடித்துவிட்டார். "ஏனுங்க தம்பி, ஊரையெல்லாம் ஒரு சுத்து சும்மாவே சுத்திக் காட்டுனீங்களாட்டம் இருக்குது? அடுத்தவாட்டி சொல்லிப்போட்டு சுத்துங்க, ஜன்னலோரமா உக்காந்துக்கறேன்" என்றார். நான் சிரித்தேன், சாமி. பல்லைக் காட்டிச் சிரித்தேன்.

எங்களைத் தங்கும் அறைக்குக் கூட்டிப் போன வேனில் கேப்டன் சொன்னார்: "தம்பி, தப்பு என்னுது. ஆனா ரெண்டு கருவியும் ஒரே நம்பர்ல இருந்துச்சு. அதனால ரெண்டு பேரும் தவறா வெச்சுட்டோம்னு உள்ளத உள்ளபடி எழுதிக் குடுத்துடலாம். கேப்டன் நான், பெரிய அடி எனக்குத்தான் விழும். நீ பயப்படாத." உள்ளதை உள்ளபடி என்று அவர் நம்பிச் சொன்னார். நான் ஆயிரத்தொன்று வைத்திருந்ததையும் திருகியதையும் அவர் பார்க்கவில்லை. நான் அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். "சரிங்க சார்" என்று சொல்லி, அவருக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். ஆயிரத்தொன்று என்று திருப்பிச் சொன்ன உன் குரல் கீழே ரேடியோப் பதிவில் இருக்கிறதே, பிறகு எப்படித் தப்பாக வைத்தாய் என்று கேட்டார்கள். வேலை நெருக்கடியில் கை தவறிவிட்டது என்றேன். விமானத்துக்குள் பேசுவதைப் பதியும் கருவி கடைசி இரண்டு மணி நேரத்தைத்தான் வைத்துக்கொள்ளும்; நாங்கள் பேசியது திரும்பி வந்த பயணத்தில் அழிந்துவிட்டது. கேப்டனை வீட்டில் உட்காரவைத்தார்கள். எனக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுத்து அடுத்த மாதமே ஓட்ட அனுப்பிவிடுவதாகப் பேச்சு வந்தது. எல்லா விமானிகளுக்கும் ஒரு சுற்றறிக்கையும் அனுப்பினார்கள்: எண்கள் ஒன்றுபோல் இருக்கும்போது கவனமாகத் திருகவும். அதை இரண்டு முறை படித்தேன். தப்பு விரலில் இல்லை. ஆனால் இனி எல்லோரும் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் நாமக்கல்லில் ஒரு கோழித்தீவன மில்லின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள் என்பது உனக்குத் தெரியும். அடுப்படியில் நின்று முழுவதையும் கேட்டாள். ஆறுதல் சொல்லவில்லை. "எங்க மில்லுல மக்காச்சோளத்துல ஈரம் எத்தனைன்னு ரெண்டு பேரு தனித்தனியா பாப்போமுங்க. நம்பர் ஒத்துக்கலைன்னா சண்டை போடுவோம், மறுக்காப் பாப்போம். சண்டை போடறதுக்குத்தான் ரெண்டு பேர வெச்சிருக்கறாங்க. அவரு சொன்னதையே நீங்களுஞ் சொல்றதுக்கு நீங்க எதுக்குங்க அங்க?" என்றாள். நான் வழக்கம்போலக் குரலை உயர்த்தினேன். கோழித்தீவனமும் விமானமும் ஒன்றா என்று கத்தினேன். "கோழியாவது பரவாயில்லீங்க, சொன்னாக் கேக்குது" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அவளிடம் நான் இப்படித் தோற்பது முதல் முறை இல்லை. அந்தப் பயணத்துக்கு மூன்று வாரம் முன்னால் உனக்குக் காய்ச்சல் வந்தது. மருந்துக் கடையில் பழைய பாட்டில் இல்லாமல் வேறொரு பாட்டில் கொடுத்திருந்தார்கள். போன தடவை ஐந்து மில்லி கொடுத்தோம், இப்போதும் ஐந்து கொடு என்றேன். அவள் பாட்டிலைப் பார்த்துவிட்டு, "இது வேற பாட்டிலுங்க, இதுல மருந்து ரெட்டிப்பா இருக்குது. ரெண்டரை போதும்" என்றாள். எனக்குப் பொறுமை எப்போது இருந்தது? டாக்டர் எழுதியது ஐந்து, உனக்கு என்ன தெரியும், பிள்ளை அனலாய்க் கொதிக்கிறது, ஊற்று என்று நீ பயந்து அழும் அளவுக்குக் கத்தினேன். அவள் ஊற்றவில்லை. பாட்டிலை என் மூக்குக்கு நேரே நீட்டி, "நான் படிச்சுட்டேன். இப்ப நீங்க படிங்க" என்றாள். படித்தேன். அவள் சொன்னதுதான் சரி. ஊர் மாறியதும் பழைய ஊரின் எண்ணையே வைத்த கேப்டனின் தப்பும், பாட்டில் மாறியதும் பழைய பாட்டிலின் அளவையே சொன்ன என் தப்பும் ஒன்றுதான். என் தப்பை மறுத்துச் சொல்ல என் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தாள். கேப்டனின் பக்கத்தில் நான் இருந்தேன்.

என்னை நேர்பேச்சுக்காரன் என்று எல்லோரும் சொல்வார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் உன் தாத்தா போட்டிருந்த வீட்டுக் கரண்ட் வேலை தப்பு, எர்த் சரியில்லை என்று முதல் காபி குடிக்கும்போதே சொன்னவன் நான். அதை ஒரு பெருமையாகவே வைத்திருந்தேன். இப்போது உட்கார்ந்து ஒவ்வொன்றாக யோசித்துப் பார்க்கிறேன். நான் யாரிடமெல்லாம் நேராகப் பேசியிருக்கிறேன்? உன் அம்மாவிடம், மாமனாரிடம், மெக்கானிக்கிடம், எனக்குப் பிறகு சேர்ந்த விமானிகளிடம். என்னை ஒன்றும் செய்ய முடியாதவர்களிடம். மேலே இருப்பவர் என்று வந்தவுடன் என் நேர்பேச்சு பத்துச் சொடுக்கில் மாறிவிட்டது. அதற்குப் பேர் நேர்பேச்சு இல்லை, சாமி. அதற்கு என்ன பேர் என்று நீயே வைத்துக்கொள்.

உன் அப்பாரு, என்னைப் பெற்றவர், இதற்கு எதிர்ப்பு. முப்பது வருடம் ரிக் லாரியில் வடக்கெல்லாம் போய் வந்த மனிதர். ஒரு தொழிலில் இருந்துகொண்டு வாயைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். "அந்த மனுசனே தன் தப்புன்னு எழுதிக் குடுத்துட்டாரு. உன்னைய ஆரும் கேக்கல. நீயேஞ் சாமி போய் வலிய மாட்டிக்கற? பஸ் ஸ்டாண்டுல நாலு பேரு பைலட்டப் பெத்த ஐயன் வாராருன்னு எந்திரிச்சு நிக்கறாங்க. நாளைக்கு நான் அந்தப் பக்கம் எப்படிப் போறது?" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. வியாழக்கிழமைக்குப் பிறகு அவர் வேறு பக்கமாகத்தான் போக வேண்டியிருக்கும்.

சென்னைக்குப் போவதற்கு முன்னால் கேப்டனிடம் சொல்லாமல் இருக்கக்கூடாது என்று நேற்றுக் காலை சேலத்துக்குப் போனேன். வீட்டில் இல்லை, கடைவீதியில் அவர் தம்பியின் தார்ப்பாய்க் கடையில் இருப்பதாகச் சொன்னார்கள். லாரிக்குப் போடும் பெரிய தார்ப்பாய் ஒன்றின் ஒரு முனையைக் கேப்டன் பிடித்துக்கொண்டிருக்க, மறுமுனையில் நின்ற அவர் தம்பி என்னைப் பார்த்ததும், "வாங்க வாங்க, எங்க அண்ணனுக்குக் கோ-பைலட் இல்லாம மடிப்பே நேரா வரமாட்டேங்குது!" என்றார். கேப்டன் சிரித்தார். கடையின் பின்பக்கம் பாய்க் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து டீ வரவழைத்தார். முதலில் உன்னைத்தான் விசாரித்தார். நன்றாகப் பேசுகிறாளா என்றார். நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு, "நீ ஆயிரத்தொண்ணு வெச்சிருந்தியா?" என்றார். ஆமாங்க சார் என்றேன். "நான் என்னைக்காவது உன்னைக் கடிஞ்சு ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா?" இல்லீங்க சார். "என் தப்ப யாராச்சும் எடுத்துச் சொன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கற ஆளா நான்?" இல்லீங்க சார். "அப்புறம் ஏன் தம்பி?" நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன், மரியாதை என்ற சொல் வந்துவிட்டது. அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். "பக்கத்துல ஓர் ஆள் இருக்குன்னு நெனச்சுத்தான் தம்பி நான் ஓட்டிட்டு வந்தேன்" என்றார். அவ்வளவுதான். எழுந்து முன்பக்கம் போய்விட்டார். போய்ட்டு வாரேனுங்க சார் என்று நான் சொன்னபோது அவர் தார்ப்பாயின் மடிப்பைக் கையால் நீவிக்கொண்டே இருந்தார். தலையைத் தூக்கவில்லை. இன்று இரண்டு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. இனி எடுப்பார் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

நான் உண்மையைச் சொல்வதால் அவருக்குப் பெரிதாக எதுவும் திரும்பக் கிடைத்துவிடாது. ஓய்வுபெற எட்டு மாதம் இருக்கும்போது வீட்டில் உட்காரவைக்கப்பட்ட மனிதர். அவர் வைத்த எண் தப்புதான், அது மாறாது. எனக்கோ வேலை போகும், பொய் வாக்குமூலம் கொடுத்ததற்கு லைசென்ஸும் போகலாம். பிறகு எதற்கு என்றால், அடுத்த மழையில் வேறொரு கேப்டன் தப்பான எண்ணைச் சொல்வார். அவர் பக்கத்தில் என்னைப் போல ஒருவன் சரியான எண்ணோடு உட்கார்ந்திருப்பான். அவனிடம், கவனமாகத் திருகு என்று சொல்லும் காகிதம் மட்டும் இருந்தால் போதாது. ஒருவன் இப்படித் திருகினான், அவன் பெயர் இது என்று தெரிந்தால் ஒருவேளை அவன் கை நிற்கும். ஒருவேளைதான். நிற்கும் என்று அடித்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

உனக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். கெட்டவர் முன்னால் உண்மை பேசுவதைப் பற்றி நிறையப் பேர் உனக்குச் சொல்லியிருப்பார்கள். அது ஒன்றும் பெரிய காரியமில்லை; கோபமே பாதி வேலையைச் செய்துவிடும். நல்லவர் ஒருவர், உனக்கு உதவி செய்தவர், நீ மதிக்கிறவர், சிரித்த முகத்தோடு ஒரு தப்பான எண்ணைச் சொல்வார். அப்போதுதான் கஷ்டம். அப்போது உன் மரியாதையைக் காட்ட வேண்டுமென்றால், அவரைத் தனியாக விடாதே. என்னிடம் வேறு எண் இருக்கிறது என்று உடனே சொல். உன் எண்ணே தப்பாகவும் இருக்கலாம். இருந்தால் சிரிப்பார்கள், அன்று சாயந்திரமே மறந்துவிடுவார்கள்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். இவ்வளவு நடந்த பிறகு நான் மாறிவிடுவேன் என்று நினைக்காதே. நேற்றுச் சேலத்திலிருந்து திரும்பி வந்ததும், சோறு ஆறிவிட்டது என்று உன் அம்மாவிடம் கத்தினேன். நீ வளரும் வரை இந்த வீட்டில் எனக்கு மேலே யாரும் இருக்கப்போவதில்லை. உனக்கு மேலே நான் இருப்பேன். உன் படிப்பில், கல்யாணத்தில், ஏதோ ஒன்றில், பழைய எண்ணை வைத்துக்கொண்டு இதுதான் சரி என்று நிற்பேன். நீ மறுத்துச் சொன்னால் கத்துவேன். உனக்கு என்ன தெரியும் என்று கேட்பேன். கத்திவிட்டுப் போகிறேன், விடு. நீ மட்டும் உன் எண்ணை மாற்றாதே.

அப்பா